செம்பரம்பாக்கம் ஏரியை ஆறாக வெட்டிய கதை

தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் போய்வந்தோம். மண்ணூர்பேட்டைக்குக் குடிவந்து ஏழு வருடமாகிறது. எங்கள் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் ஏரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் போன காரணம் அதுவல்ல. கலைவாணி கேட்டாள், போனோம்.

கலைவாணி யார் என்று சொல்ல, முதலில் ‘உருட்டு’ பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐ.டி. வேலை போக மிச்ச நேரத்தில் நான் எழுதிய சிறு மென்பொருள் அது. சுற்றிலும் மேலும் கீழும் ஒரே சொடுக்கில் எடுக்கும் 360 டிகிரி கேமரா இருக்கிறதல்லவா, அது தரும் படம் உண்மையில் ஓர் உருண்டை. தட்டையாக விரித்தால் உலக வரைபடம் போல இழுபட்டு, நேரான சுவர்கூட வில்லாக வளையும். உருட்டு அந்த உருண்டையை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தது மாதிரி முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு சதுரப் படங்களாக வெட்டித் தரும். ஆறையும் கொடுத்தால் திரும்ப உருண்டையாக்கும். இலவசம்தான். நிரலும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம்.

அப்படித் திருத்த வந்தவள்தான் கலைவாணி. சதுரங்கள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்துகொண்டிருந்தது. நான் மாதக்கணக்கில் முட்டிக்கொண்ட சிக்கல். ஒருநாள் அதைச் சரிசெய்து அனுப்பி, கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள்: “பேரை மாத்துங்க. நம்ம ஊர்ல உருட்டுன்னா புளுகுன்னு அர்த்தம்.” நம்ம ஊரா, எந்த ஊர் என்று கேட்டால், ஆவடி! எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் முக்கால் மணி நேரம்.

பெயரை நான் மாற்றவில்லை. ஆனால் இரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். பொங்கலன்று பேசும்போது சொன்னாள்: “யாரோ எடுத்த படத்தையே வெட்டிட்டிருக்கேன் அக்கா. நானே எடுத்த படம் ஒண்ணை வெட்டணும். ஏரி மாதிரி பெருசா.” சிறுவயதிலிருந்தே அவளுக்குச் சக்கர நாற்காலிதான். வேலையும் வீட்டிலிருந்தே. ஏரிக்கரையில் நாற்காலி எப்படி ஏறும் என்று அவள் அம்மா தயங்கியிருக்கிறார். “நான் ஏறலைன்னா கேமரா ஏறும்” என்று சொல்லிவிட்டாளாம்.

காலை ஆறரைக்கு மண்ணூர்பேட்டையில் பேருந்து ஏறி ஏழேகாலுக்கு ஆவடியில் இறங்கினேன். கலைவாணிக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் பாபு அண்ணன் தயாராக இருந்தார். போகவர, காத்திருப்பும் சேர்த்து ஆயிரம் ரூபாய். நாற்காலியை மடித்தால் சீட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. பூந்தமல்லியில் இட்லியும் வடகறியும். அங்கிருந்து நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஒன்பது மணிக்கு முன்பே ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். ஆவடியிலிருந்து சுமார் பதினெட்டு கிலோமீட்டர்.

கரை செங்குத்தாக நின்றது. கீழேயிருந்து தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை.

“இன்னா பெரிய கரை? ஆளுக்கொரு பக்கம் புட்சா நாற்காலியோட தூக்கிகினு பூடலாம்” என்றார் பாபு அண்ணன்.

“மூட்டை மாதிரி போக நான் வரலைண்ணே. கேமராவைத் தூக்கிட்டுப் போங்க. பொத்தானை இங்கேருந்து ஃபோன்லயே நான் அமுக்குறேன்.”

கேமராவைக் கழியில் மாட்டி அவரிடம் கொடுத்தோம். சரிவில் விறுவிறுவென்று ஏறினார். நாற்காலியில் இருந்தபடியே ஒரு கையில் ஃபோனைப் பிடித்து, மறு கையைத் தலைக்கு மேல் ஆட்டி, “நேரா புடிங்கண்ணே! நேரா!” என்று கத்தினாள் கலைவாணி. அமுக்கினாள். ஒரே ஒரு படம். அதற்குள் கரைமேல் வந்த காவலாளி இன்று மேலே நிற்கக் கூடாது என்று சொல்ல, பாபு அண்ணன் இறங்கிவிட்டார்.

படத்தைத் திறந்தால் ஏரி பாம்பாக நெளிந்தது. கழி சாய்ந்திருக்கிறது. வெட்டிப் பார்த்தால் சதுரங்களில் தண்ணீர் சாய்ந்து கொட்டப்போவது போல நின்றது.

“ஏரி இன்னாக்கா இப்டி ஆடிகினு கீது? என் கையா கோணலு?” பாபு அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும்தான். இவ்வளவு தூரம் வந்து இப்படி ஆகிவிட்டதே.

கலைவாணி மட்டும் சிரித்தாள். “கழிதான் கோணல், படத்துல எதுவும் விட்டுப்போகலையே. நாலா பக்கமும் உள்ளே இருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி உருண்டையைத் திருப்பினா போதும்.”

அந்தத் திருப்பும் வசதி உருட்டில் கிடையாது. ஆட்டோவுக்குள் ஏறி, மடிக்கணினியைத் திறந்து, அவள் அங்கேயே எழுதத் தொடங்கினாள். நான் கணக்கைச் சரிபார்த்தேன். பாபு அண்ணன் டீ வாங்கி வந்தார். முதல் முயற்சியில் உலகமே தலைகீழானது.

“ஏரி தலமேல கீதேம்மா!” என்றார்.

ஒரு கழித்தல் குறியை மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். தண்ணீர் மெல்லத் திரும்பி, படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி படுத்துக்கொண்டது. ஆறு சதுரங்களும் அச்சாக விழுந்தன. முன்சதுரத்தில், கரை கண்ணுக்கெட்டாத ஏரி. நான் கைதட்டியே விட்டேன். கலைவாணி அதைப் பெரிதாக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நகர்த்திப் பார்த்தாள்.

பாபு அண்ணன்தான் மற்றச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பின்சதுரத்தில் நிறுத்தினார். “தோ பாரும்மா, கீய நீ கீற!”

கரைக்குக் கீழே, ஆட்டோ பக்கத்தில், கை தூக்கி அதட்டிக்கொண்டு அவள். “அய்யோ, இவ்ளோ மிரட்டியிருக்கேனா?” என்று சிரித்தவள், அந்தப் படத்தை முதலில் அம்மாவுக்கு அனுப்பினாள்.

என் பெயரில் தொடங்கிய ஒன்றை என்னைவிட நன்றாகச் செய்ய ஆளிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய பெருமை என்று அன்றுதான் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கரைமேல் விடுகிறார்களா என்று அன்றன்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலேறுவதற்குள் போய்விடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குக் கரையேற நாங்கள் பார்த்த இடத்தில் சாய்தளம் இல்லை. கீழே நிழலும் சமதரையும் உண்டு. 360 கேமரா கொண்டுபோனால் கழி சாய்ந்தாலும் கவலை வேண்டாம். உருட்டின் புதிய பதிப்பில் திருப்பும் வசதி இருக்கிறது, கலைவாணியின் பெயரோடு. தரவிறக்கினால் மாதிரிப் படமாக அந்த ஏரியே வரும். முன்சதுரத்தில் நின்றுவிடாமல் பின்சதுரத்தையும் திறந்து பாருங்கள். அங்கே கையைத் தூக்கிக்கொண்டிருப்பவள்தான் படத்தை எடுத்தவள்.