லெட்சுமி அக்காவின் தலைக்காயமும் நான் சொன்ன விடையும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கம் தரும் பகுதியையும் விடமாட்டேன். அக்கராயனில் லெட்சுமி அக்காவைத் தெரிந்தவர்கள் நம் ஊர்க் கையெழுத்துச் சஞ்சிகையில் இதை வாசிப்பீர்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

செய்தி சனிக்கிழமை வந்தது. நான் கிளிநொச்சியில் சித்தி வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கிறேன். பஸ்ஸில் வந்த அப்பா அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கட லெட்சுமி மோசம் போயிட்டுது, பிள்ளை. மூண்டு நாள் காய்ச்சல்தான்" என்றார். நான் பையை உள்ளே எடுத்துப்போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவும் களைத்திருந்தார். இந்த வருடம் அவர் போய்வந்த செத்தவீடுகள் அதிகம்.

அக்கா மலையகத்திலிருந்து வந்து எங்கள் வயலுக்கு அடுத்த காணியில் குடியிருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன், அறுவடைக் காலத்தில், நெற்கட்டு ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்தார். மதகுக் கல்லில் தலை அடிபட்டது. ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்தபோது நடந்தார், சிரித்தார். பெயர்கள் மட்டும் இடம்மாறிக் கிடந்தன. அகப்பை வேண்டுமென்றால் "அந்தக் கோழிய எடு" என்பார். எடுத்துக் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது முட்டை போடுமா பாப்பா?" என்று தன்னையே கேலி செய்வார். ஆனால் அடுப்பை மூட்டிவிட்டு மறந்தும் போவார். ஒருநாள் கூரைக் கிடுகில் நெருப்புப் பிடித்தது.

அன்று அவருடைய கணவர் ராமையா அண்ணை என்னிடம் கேட்டார்: "நீ படிக்கிற புள்ள. இவளுக்குச் சரியா வருமா?"

விஞ்ஞானப் புத்தகத்தை நான் வரி வரியாகப் பாடமாக்கியிருந்த காலம் அது. "மூளைக் கலம் செத்தால் திரும்ப வராது அண்ணை" என்றேன். பரீட்சைத் தாளில் எழுதுவதுபோலச் சொன்னேன். மறுநாள் அவர் தங்கள் நாலு வயது மகள் மல்லிகாவை வவுனியாவிலுள்ள தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். தாய்க்கு இனிச் சரிவராதாம், பிள்ளை அங்கேயே வளரட்டுமாம்.

லெட்சுமி அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "செத்தது வராட்டிப் போவட்டும் பாப்பா. மிச்சம் கெடக்குறத யாரு பாத்துக்கிறது? அதையும் ஒம் புத்தகத்துல பாத்துச் சொல்லு" என்றார். புத்தகத்தில் அது இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போய், நான் சொன்ன விடையையும் சொல்லி, அந்தக் கேள்வியை டொக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். வரிசை வாசலுக்கு வெளியேயும் நின்றது.

"ஓமோன் எங்க சுரக்கும்?"

"சுரப்பிகளிலை, டொக்டர்."

"நாங்களும் அப்பிடித்தான் படிச்சனாங்கள். மூளை தானும் சில ஓமோனைச் செய்யுதெண்டு எலியளிலை கண்டிருக்கினம். அடிபட்ட இடத்திலை வீக்கத்தைக் குறைச்சு, தப்பின கலங்களைச் சாகாமல் அது காக்குமோ எண்டு சிலபேர் யோசிக்கினம். மனிசரிலை இன்னும் தெரியாது. செத்தது வராது, தங்கச்சி. தப்பினது பழகும். நீர் அவசரப்பட்டிட்டீர்."

"அப்ப உள்ள ஒருத்தி காவலுக்கு இருக்கா," என்றார் அக்கா. "சோறு போட்டாப் போதும்ல?" டொக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ராமையா அண்ணையிடம் போய், நான் சொன்னது அரைவாசிதான் என்றேன். "போன மாசம் ஒன்னு சொன்ன, இப்ப வேற சொல்ற. எம் புள்ள என்ன பந்தா, அங்கிட்டும் இங்கிட்டும் எறிய?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கடைசியில், ஒரு மாதம் முழுக்க அடுப்பை மறக்காமல் அணைத்தால் பிள்ளையைக் கூட்டிவருவதாக ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் கிடைக்க எட்டு மாதம் ஆனது. பள்ளிக்கு முன்னும் பின்னும் போய், வாய் திறந்து நினைவூட்டாமல் அடுப்பருகே இருப்பேன். இருபது நாள் சரியாகப் போகும், இருபத்தோராம் நாள் மறந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. எனக்கு அலுத்தது. அக்காவுக்கு அலுக்கவில்லை என்று எழுதினால் பொய். ஒருநாள் சாம்பலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை மல்லிகா வந்தாள். வவுனியா மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாசற் படலையடியில் நின்றாள். அக்கா வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, "வாடி, என் சட்டி!" என்றார்.

"நான் சட்டி இல்ல, மல்லிகா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவள் தாயின் மடியில் ஏறினாள்.

அதன்பிறகு தினமும் "நான் யாரு?" என்று அவள் கேட்பதும், "சட்டி" என்று அக்கா சொல்வதும் நடந்தது. எந்த நாள் மறதி, எந்த நாள் விளையாட்டு என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. இருவருக்கும் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு வருடம்.

நாளைக் காலை மல்லிகாவை மறுபடி வவுனியாவுக்குக் கூட்டிப்போகிறார்கள். இம்முறை தடுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. லெட்சுமி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: யாராவது "சரியா வருமா?" என்று கேட்டால், விடையைத் தேடுமுன் கேட்பவருடைய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

இன்னும் எழுதலாம். ஆனால் நான் இருந்து எழுதும் கிளிநொச்சி வாசிகசாலையைப் பூட்டும் நேரமாகிவிட்டது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.