டீ மாஸ்டர் பிச்சைக்கனிக்குக் கிடைத்த பாஸ்

பிச்சைக்கனி டீ மாஸ்டர். பழவங்காடி முக்கில் பேர்போன ஒரு ஹோட்டலில் பாய்லர் அவன் பொறுப்பில் இருந்தது. திசையன்விளைப் பக்கம் பிறந்து, மீசை அரும்பும் வயதில் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, எச்சில் இலை எடுத்து, மேசை துடைத்து, கடைசியில் மாஸ்டர் ஆனவன். மாஸ்டர் ஆனதும் தலைக்கனமும் கூடவே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடு என்று யாராவது கேட்டால் முறைப்பான். அவன் டீக்கு ஒரு ரகசியம் உண்டு: ஆற்றுவதற்கு முன்னால் ஒரு கல் உப்பு. முதலாளிக்கே அது தெரியாது. தெரிந்தவன் லிங்கம் ஒருவன்தான்.

லிங்கம் வெள்ளையடிக்கிற வேலைக்காரன், பூதப்பாண்டிக்காரன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருவரும் ஒரே அறையில் பல வருஷமாகக் குடியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் என்னென்ன உண்டோ அத்தனையும் அந்த அறைக்குள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சண்டை உட்பட. பிழைக்க வந்த ஆண்பிள்ளைகள் ஒரே அறையில் கிடப்பதை அந்தச் சந்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அவர்களுக்கு வசதியாய்ப் போயிற்று.

லிங்கத்தின் ஊரில்தான் வசதிப்படவில்லை. அண்ணன் கோலப்பன் வாழைத்தோப்புக்காரர், தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பெண் பார்த்தார், தம்பி வரவில்லை. வேறு பெண் பார்த்தார், அதற்கும் வரவில்லை. பிச்சைக்கனி என்று ஒருத்தன் தம்பியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறான் என்ற செய்தி மட்டும் அவர் காதுக்கு வந்தது. ஆளின் முகமும் தெரியாது, தொழிலும் தெரியாது. ஆனாலும் அவன் தம்பிக்குக் கைவிஷம் கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். தின்பதிலோ குடிப்பதிலோ எதையாவது கலந்து கொடுத்து ஒருத்தனை வசப்படுத்தி வைப்பதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அதை எடுக்கக் கோயில் கோயிலாக நேர்ச்சை வேறு நேர்ந்துகொண்டார்.

எழுபத்திரண்டாம் வருஷம், கரமனையில் ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து லிங்கம் விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. மேஸ்திரி அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். பிச்சைக்கனிக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இருட்டியும் வீடு வராதவனைத் தேடி அலைந்து அவனே தெரிந்துகொண்டான்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக ஓர் ஆள் கூட்டிருக்கலாம். கஞ்சி வாங்குவது, மருந்துக்கு ஓடுவது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் அந்த ஆள்தான். அவருக்கு ஒரு பாஸ் தருவார்கள். மற்றவர்கள் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். பாஸ் கோலப்பனுக்குப் போயிற்று. அவர் அத்தோடு நிற்கவில்லை. வாசல் காவலாளி பாஸ்கரன் நாயரிடம் ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கொடுத்து, பிச்சைக்கனி என்று எவன் வந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவைத்தார்.

"ரோகியுடெ ஆரா?" என்று வாசலுக்கு வந்த பிச்சைக்கனியிடம் நாயர் உறவைக் கேட்டார்.

அண்ணன் தம்பி என்று சொல்ல வழியில்லை. நிஜ அண்ணன் உள்ளே இருக்கிறார். "கூட இருக்கவன்" என்றான்.

"பேரு?"

சொன்னான்.

"ஸ்வந்தக்காரு விடண்டான்னு பறஞ்ஞிட்டுண்டு. பொய்க்கோ." சொந்தக்காரர் விட வேண்டாமென்று சொல்லியிருக்கிறாராம், போகச் சொல்லிவிட்டார்.

பிச்சைக்கனி ரோட்டோரத்தில் நின்று அழுதான். யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டே அழுதான். இனி லிங்கத்தைப் பார்க்கவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்தான். மறுநாள் பழவங்காடி வேலையை உதறிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த ஓலைக்கடையில் டீ ஆற்றச் சேர்ந்துவிட்டான். மாஸ்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பழைய முதலாளி ஊரெல்லாம் சொன்னார்.

கோலப்பன் தூக்குப்பாத்திரத்தோடு அந்தக் கடைக்குத்தான் வந்தார். முகச்சாடையைப் பார்த்ததுமே பிச்சைக்கனிக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது.

"வே, ஆஸ்பத்திரியில எனக்க தம்பி கெடக்கான். கஞ்சியும் எறங்கல்ல, ஒண்ணும் எறங்கல்ல. நல்லதா ஒரு சாயா போட்டுத் தாரும்."

"அவுகளுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?"

"கால்ல கல்லைக் கட்டித் தொங்கப் போட்டிருக்கானுவ. கெடந்து மொனங்குகான்."

பிச்சைக்கனி டீயைப் போட்டான். ஒரு கல் உப்பையும் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் கோலப்பன் திரும்பி ஓடிவந்தார். "என்னத்த வே போட்டீரு? ஒரு மடக்கு குடிச்சான், அப்படியே கண்ணை மூடிக்கிட்டான். பொறவு மொத்தத்தையும் காலி பண்ணிட்டு இன்னும் உண்டான்னு கேக்கான்!"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தம்பிக்குத் தூக்கில் ஒன்று, தனக்கு பெஞ்சில் உட்கார்ந்து ஒன்று. டீ உள்ளே இறங்கியதும் கோலப்பனுக்குப் பேச்சு வரும். பிச்சைக்கனி என்கிற களவாணிப்பயல் எப்படிக் கைவிஷம் வைத்துத் தம்பியைக் கெடுத்தான், அவன் கொடுக்கிற பச்சைத் தண்ணீர்கூடத் தம்பி வாயில் படாமல் தான் எப்படிக் காவல் இருக்கிறேன் என்று விவரம் விவரமாகச் சொல்வார். "அப்படியா அண்ணாச்சி" என்று பிச்சைக்கனி கேட்டுக்கொள்வான். ஆற்றுகிற கையிலிருந்து ஒரு சொட்டு சிந்தாது, மாஸ்டர் அல்லவா. லிங்கம் தூங்கினானா, காய்ச்சல் விட்டதா என்பதெல்லாம் அந்த வசவுக்கு நடுவில்தான் அவனுக்குத் தெரியவரும். அதற்காக எவ்வளவு வசவும் கேட்கத் தயாராக இருந்தான்.

அப்போதுதான் பூதப்பாண்டியில் சூறைக்காற்று அடித்துக் குலை தள்ளிய வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டது. தம்பியை விட்டுப் போகவும் முடியவில்லை, தோப்பை விட்டு இருக்கவும் முடியவில்லை. கோலப்பன் நேராகக் கடைக்கு வந்தார்.

"கூட்டிருக்க ஆளு பிடிக்கலாம்னு சொல்லுதானுவ. எவனையோ நம்பி எப்படி விடது? நீரு நல்ல மனுசன். நான் வருகது வரைக்கும் எனக்க தம்பியைப் பாத்துக்கிடுவீரா வே?"

பிச்சைக்கனி கையைத் துடைத்துக்கொண்டான். தலையை ஆட்டினான். கோலப்பன் பாஸை எடுத்து அவன் சட்டைப்பையில் தன் கையாலேயே வைத்தார்.

வாசலில் பாஸ்கரன் நாயர் பாஸைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். முகம் நன்றாக நினைவிருந்தது. "பாஸ் உண்டெங்கில் பின்ன ஞான் எந்து செய்யான்?" என்று, பாஸ் இருக்கும்போது தன்னால் ஆவதென்ன என்கிற பாவனையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரில் எந்த அந்நியன் வேண்டுமானாலும் லிங்கத்துக்குக் கூட்டிருக்கலாம், பிச்சைக்கனியைத் தவிர. அதனால் அவன் அந்நியனாகவே உள்ளே போனான்.

"எங்கல போயிருந்த?" என்றான் லிங்கம்.

"எதுத்தாப்புலதான்."

பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. லிங்கம் அவன் மணிக்கட்டைப் பிடித்தவன் வெகுநேரம் விடவில்லை. பிறகு பிச்சைக்கனி மலச்சட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கோலப்பன் திரும்பி வந்தபோது தம்பிக்கு முகம் மழித்திருந்தது, விரிப்பு மாற்றியிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பிச்சைக்கனி ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, இத்தனை நாளா கேக்கணும்னே தோணல்ல. உம்ம பேரு என்ன வே?"

பொய் சொன்னால் போதும், வீட்டுக்கு அனுப்பும்வரை கூடவே இருக்கலாம். ஏதோ ஒரு பெயர் பிச்சைக்கனியின் நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. அதற்குள் கட்டிலிலிருந்து லிங்கம் சொன்னான்: "பிச்சைக்கனி."

கோலப்பன் தம்பியைப் பார்த்தார். கையிலிருந்த பாதி டம்ளரைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா நானும் குடிச்சது?"

"டீதான் அண்ணாச்சி. ஒரு கல் உப்பு போடுவேன். வேற ஒண்ணும் கிடையாது."

"உப்பா?"

"உப்பேதான்."

கோலப்பன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் மீதி டீயையும் குடித்தார். "ஆறிப்போச்சு. சூடா இன்னொண்ணு எடுத்துட்டு வாரும்" என்றார். படி இறங்கும்போதுதான் பிச்சைக்கனி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பாஸ் அங்கேயே இருந்தது.

கோலப்பன் தம்பியை ஊருக்குக் கூட்டிப்போய் வைத்திருந்து, கால் ஊன்றியதும் அவரே திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. பிச்சைக்கனி பெயரையும் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு குலை மட்டிப்பழம் மட்டும் சாலைச் சந்துக்கு வந்துகொண்டிருந்தது.

எண்பத்திநாலில் பிச்சைக்கனிக்கு நெஞ்சில் சளி கட்டி, அதே ஆஸ்பத்திரியில் படுத்தான். அவனுக்குச் சொந்தமென்று ஒருவரும் மிச்சமில்லை. வாசலில் புதுக் காவலாளி. நொண்டிக்கொண்டு வந்த லிங்கத்திடமும் அதே கேள்வியைத்தான் கேட்டான். சொந்தமில்லை என்று பாஸ் தரவில்லை. லிங்கம் ஊருக்கு, அண்ணனிடம் ஆள் அனுப்பினான்.

மறுநாள் கட்டிலில் கண் விழித்த பிச்சைக்கனி, லிங்கம் தூக்குப்பாத்திரத்தோடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்தான்.

"எப்படிலே விட்டான்?"

"அண்ணன் வந்திருக்கான். 'உள்ள கெடக்கவன் எனக்க ரெண்டாவது தம்பி'ன்னு சொல்லி பாஸை வாங்கி எங்கையில குடுத்துட்டான். கீழ கடையில டீ சரியில்லைன்னு சண்டை போட்டு, அவனே நின்னு போட்டது இது."

பிச்சைக்கனி ஒரு மடக்கு குடித்தான். உப்பு கரித்தது, ஒரு கைப்பிடி போட்டிருப்பார் போல. முழுவதையும் குடித்தான்.