மணிமாலைக்கும் பாடு உண்டு

பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்து மணிமாலைகளுக்கு நானூறு வருட வரலாறு உண்டு என்று கொஞ்ச நாள் இணையத்தில் போட்டிருந்தது. டச்சுக்காரச் சீமாட்டிகள் விரும்பி அணிந்தார்களாம். எழுதியவன் லோகேஷ், ஊரில் மாலை கோக்கும் கலைவாணியின் தம்பி. ஆரம்பாக்கத்தில் தங்கி மீஞ்சூர் தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வருகிறவன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அவனுக்கு வரலாறு வரும். அக்கா பெயரில் விற்பனைப் பக்கத்தைத் திறந்து கொடுத்ததே அவன்தான் என்பதால் ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கலைவாணி மட்டும், "டச்சுக்காரி வந்து கேட்டா நீ வந்து பதில் சொல்றியா?" என்று கேட்டு அந்த வரியை எடுக்கவைத்தாள்.

உண்மையான வரலாறு அவ்வளவு நீளமில்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்து ஏரியில் இறால் குறைந்துபோன ஒரு வருடம், ஏதோ தொண்டு நிறுவனத்தார் சாக்கு நிறையக் கண்ணாடி மணிகளோடு படகில் வந்து இறங்கினார்கள். பெண்களுக்குக் கோக்கச் சொல்லித்தந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். மணிகள் தங்கிவிட்டன. அவர்கள் கொடுத்த நூல் உப்புக்காற்றில் இற்றுப்போனதும், கலைவாணி வீட்டில் வலைக்கு வைத்திருந்த தங்கூசி என்கிற நைலான் நரம்பை எடுத்தாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு வலை முடிச்சு. எங்கே அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், மாலை கொட்டாது.

முடிச்சு போட எங்கள் ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் அதே மாதிரி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் கலைவாணியின் முடிச்சு தனி என்பார்கள். அப்படிச் சொன்னது பெரும்பாலும் கலைவாணிதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் தன் மாலையை விரலாலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். யாரும் கட்டிப் பார்க்கவில்லை.

ஆர்டர் வர ஆரம்பித்ததும் சண்டையும் வந்தது. வருவதையெல்லாம் கலைவாணியே எடுத்துக்கொள்கிறாள் என்று பெண்கள் கத்தினார்கள். ஆண்கள் அம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுக்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதான். ஏரியில் மீன் படுகிற இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் இன்றைக்கு இந்த இடத்தில் இன்ன வீட்டு வலைதான் இறங்கலாம் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு அன்றைக்குக் கூடை நிறைந்தாலும் உன்னுடையது, வெறும் பாசி வந்தாலும் உன்னுடையது. அதையே போனுக்கும் வைத்தார்கள். அன்றைக்கு யார் பாடோ, அன்றைக்கு வருகிற ஆர்டர் அவருக்கு.

நன்றாகத்தான் நடந்தது. ஜெயம்மா பாடு அன்று மட்டும், யாரோ செய்த தோடு ஒடிந்து திரும்பி வந்தது. அவள் பாடு நாளில் வந்ததால் அவளே ஒட்டிக்கொடுத்தாள். வலையில் குப்பையும்தானே விழும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விற்பனைப் பக்கத்தின் பெயர் 'பசியாவரம் மணிமாலை' என்றாகி, கலைவாணியின் பெயர் போய்விட்டது. வேகமாகத் தட்டச்சு செய்வாள் என்பதால் போன் மட்டும் அவளிடமே இருந்தது.

சாந்தியின் பாடு நாளில் அந்தச் செய்தி வந்தது. சாந்தி கலைவாணிக்கு ஓரகத்தி, வயதில் மூத்தவள். போன் திரையில் முதல் இரண்டு வரி தெரிந்தது: 'அக்கா, நான் பானுப்ரியா, கோயம்புத்தூர். முன்னாடி உங்ககிட்ட நீல மாலை வாங்கினேன். இப்ப எனக்குக் கல்யாணம். அதே கையால...'

நீல மாலை, பாடு வைப்பதற்கு முன்னால் கலைவாணி செய்தது. அவளுடைய கையைத் தேடி ஒருத்தி கேட்பது இதுதான் முதல் தடவை. திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் அவளுடைய பாடு. திறக்காத செய்தி வந்த செய்தியாகுமா? காலையில் திறந்தால் காலையில் வந்ததுதானே? நானாயிருந்தால் காலையில்தான் திறந்திருப்பேன்.

அவள் வெளியே போய், வலையைப் பிரித்துக்கொண்டிருந்த புருஷன் ரஞ்சித்குமாரிடம் கேட்டாள்.

"இன்னாய்யா, சாயங்காலம் வுட்ட வலைய மறுநா காலையில தூக்குனா மீனு யாருது?"

"வலை வுட்ட அன்னிக்கு யாரு பாடோ அவுங்களுது. இது இன்னா புதுசா கேக்குற?"

"சும்மாதான்."

உள்ளே வந்து செய்தியைத் திறந்தாள். கல்யாணத்துக்குச் சிவப்பு மாலை, தோடு, நெற்றிச்சுட்டி. அப்படியே கொண்டுபோய்ச் சாந்தியிடம் படித்துக் காட்டினாள். 'அதே கையால' என்ற இடத்தைப் படிக்கவில்லை. அன்று ராத்திரி கலைவாணி சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவளுடைய பாட்டுக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை.

சாந்தி மாலையை முடித்துக் கொண்டுவந்தபோது கலைவாணி அதை விரலால் தடவிப் பார்த்தாள். முடிச்சு கொஞ்சம் முரட்டு முடிச்சு என்று எனக்கும் தோன்றியது, ஆனால் அது சாந்தி போட்டது என்று எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். பெட்டியில் போட்டுப் பழவேற்காட்டுக் கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

கல்யாணம் முடிந்து பானுப்ரியா படம் அனுப்பினாள். மாலை நன்றாகத்தான் இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'அக்கா, பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு, நீல மாலை செஞ்ச அதே கை! உங்க பேர் என்ன? படத்துக்குக் கீழே போடணும், எல்லாரும் கேக்கறாங்க.'

கலைவாணி அதை மூன்று முறை படித்தாள். பாடு என்றால் என்ன என்று ஏழெட்டு வரி எழுதி, கோயம்புத்தூரில் யாருக்குப் புரியும் என்று அழித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சாந்தி வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை எல்லா வரியையும் படித்தாள்.

சாந்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். "உன் பேரையே போட்டுடு கலை. நீலம் உன்துதான? நான் அத்தப் பாத்துதான் செஞ்சேன்."

"வந்தது உன் பாட்டுலக்கா," என்றாள் கலைவாணி. 'சாந்தி' என்று தட்டி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. 'நன்றி சாந்தி அக்கா, ரெண்டு மாலைக்கும்!'

கலைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. சாந்தி வெங்காயம் இன்னும் உரிக்கவே ஆரம்பிக்கவில்லை, அதனால் அதன்மேல் பழி போடவும் முடியவில்லை. அந்தப் பதிலுக்கு ஒரு இதயம் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.