அவளுடைய மாத்திரை

கண்ணாடிக் கடையில் வெட்டுவேலை அவருடையது. அளவைச் சொன்னால் போதும். கம்பளி விரித்த மேஜைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, ஒரே இழுப்பில் கோடு போட்டு, விளிம்பில் லேசாகத் தட்டி, பிஸ்கட்டை ஒடிக்கிற மாதிரி ஒடித்துக் கொடுத்துவிடுவார். பேச்சில் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம். பேசுகிற வேலையை வீட்டில் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. நிமோனியா வந்து அவள் போனபிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனது.

வெளிநாட்டிலிருந்து மகள் வந்தாள். அம்மாவின் துணிமணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு குக்கர் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். சாப்பாட்டு மேஜையில் இருந்த தகர டப்பா அவள் கண்ணில் படவில்லை. அதில் அம்மாவின் பிரஷர் மாத்திரைகள் அட்டை அட்டையாக இருந்தன. அம்மா படுக்கையில் விழுவதற்குச் சற்று முன்புதான் மொத்தமாக வாங்கி வைத்திருந்தாள்.

சில மாதம் கழித்து அவருக்குத் தலை கனக்க ஆரம்பித்தது. தெருமுனைக் கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். அடுத்த வாரமும் வரச் சொல்லி அளந்தார்.

"உங்களுக்கு பிரஷர் இருக்குங்க. தினமும் ஒரு மாத்திரை போடணும். வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"சின்ன வயசுலேர்ந்து வீசிங் உண்டு. இப்ப குளிர்காலத்துல மட்டும் கொஞ்சம் இழுக்கும்."

டாக்டரம்மா யோசித்துத்தான் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தவர், மருந்துக் கடையைத் தாண்டி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காலையில் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே டப்பா. அவள் தினமும் அந்த நேரத்தில்தான் அதைத் திறப்பாள். மூடி கொஞ்சம் இறுக்கம், 'டொக்'கென்று சத்தம் போடும். "போட்டியா?" என்று அவர் கேட்பார், "போட்டாச்சு, போட்டாச்சு" என்பாள். இப்போது அவர் டப்பாவைத் திறந்தார். பிரஷர் மாத்திரைதானே, எல்லாம் ஒன்றுதான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. மறுநாளும் திறந்தார்.

பிரஷர் வந்ததை மகளிடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் கேட்டாள். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாப்பா?"

"போடுறேம்மா."

பொய் இல்லை. அதற்குமேல் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதியது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. கண்ணாடித் தூசி, வயசு, சரியான தூக்கமில்லை என்று ஒவ்வொன்றின் மேலும் மாற்றி மாற்றிப் பழியைப் போட்டார். மாத்திரையின் மேல் சந்தேகமே வரவில்லை.

ஒருநாள் சலூன் ஒன்றுக்குப் பெரிய நிலைக்கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. சலூன் இருந்தது மாடியில். இவர் ஒருபக்கம், கூட வேலை பார்க்கும் நெட்டை மறுபக்கம். பாதிப் படியில் இவருக்கு மூச்சு அப்படியே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது.

"இறக்கு" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

நெட்டை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். மொத்தப் பாரத்தையும் தன் தோளில் வாங்கிச் சுவரோரம் சாய்த்தான். இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்குள் உதடு வெளுத்த ஒரு கிழவன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"வண்டியில ஏறுங்கண்ணே. கண்ணாடி எங்கயும் ஓடிடாது" என்றான் நெட்டை.

கிளினிக்கில் மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு சீரானதும் டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு. நான் எழுதின மாத்திரை இப்படிப் பண்ணாதே. நீங்க எதைப் போடுறீங்க?"

"வீட்டுல இருந்தத."

"யாரோடது?"

"வீட்டுக்காரியோடது."

"அப்ப அவங்களுக்கு வேண்டாமா?"

"அவளுக்கு இனிமே வேண்டாம்."

டாக்டரம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இந்தத் துடிப்பைப் பார்த்தா, அவங்க மாத்திரை இதயத்தை மெதுவா ஓட வைக்கிற வகையாத்தான் இருக்கணும். அவங்க உடம்புக்கு அது சரி. வீசிங் இருக்கிறவங்களுக்கு அதே மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிடும். பிரஷர் மாத்திரைன்னு பேருதான் ஒண்ணு, உள்ள இருக்கிறது வேற வேற. உங்களுக்கு எழுதினதத்தான் நீங்க போடணும். நீங்களா ஆரம்பிக்காதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க. இந்த மாத்திரையை எப்படி விடுறதுன்னு நான் பார்த்துச் சொல்றேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு மகளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

"வீடு ரொம்ப அமைதியா இருக்கும்மா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு இவ்வளவு மாதம் ஆகியிருந்தது.

அவள் அழுதாள். "குக்கர் நல்லா வேலை செய்யுது" என்றார்.

டாக்டரம்மா சொன்னபடி அந்த மாத்திரையை விட்டபிறகு, மிச்சமிருந்த அட்டைகளை மருந்துக் கடைக்கு எடுத்துப்போனார். வேண்டாத மருந்துகளுக்கென்று அங்கே ஒரு பெட்டி இருந்தது. கடைக்காரர் வாங்கிப் போடுவதைப் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு தன் சீட்டை நீட்டினார்.

புது மாத்திரையில் சில வாரம் கழித்துக் கணுக்கால் வீங்கியது. முன்பு என்றால் தானாகவே நிறுத்தியிருப்பார். இந்த முறை போய்க் கேட்டார். டாக்டரம்மா அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்ததும் வீக்கம் வடிந்தது. ஒருநாள் போட மறந்துவிட்டார். மறுநாள் காலையில் கை இரண்டு மாத்திரைக்குப் போனது. நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போன் செய்தார்.

"நேத்தையத விட்டுடுங்க. இன்னைக்கு வழக்கம்போல ஒண்ணு போதும்" என்றார் கடைக்காரர். "ரெண்டா போட்டா தலை சுத்தி எங்கயாவது விழுந்து வைப்பீங்க."

இப்போது பிரஷர் ஒழுங்காக இருக்கிறது. மூச்சு இழுப்பதில்லை. மகள் ஞாயிறு மட்டும்தான் அழைக்கிறாள், அவள் வேலை அப்படி. ஆனால் முன்னைப்போல ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுவதில்லை. காலையில் அவர் தனியாகச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். சட்டென்று எழுந்தால் லேசாகத் தலை சுற்றுவதால், எழுந்து நிற்கும்போது மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று நிதானித்துத்தான் நடக்கிறார்.