குட்டையில் இறங்கிய யானை

நான் முதன்முதலாக யானையைப் பார்த்தது எங்கள் ஊர்க் குடிதண்ணீர்க் குட்டையில். அப்போது எனக்கு ஏழு வயது. பார்த்ததும் கைதட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த யானையை அங்கே ஓட்டிவரச் சொன்னவர்களை மன்னிக்கும் எண்ணமே எனக்கு இல்லை.

பென்னாகரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். எங்கேயோ உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் இரண்டு வருடமாக மழை இல்லை. கிணறுகள் எல்லாம் வற்றிப்போய், ஊருக்கென்று மிஞ்சியது அந்தக் குட்டை ஒன்றுதான். வீட்டுக்கு நாளைக்கு இரண்டு குடம். மாடுகளைக்கூட இறக்கக் கூடாது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கையில் ஒரு கம்போடு காவல் இருந்தவர் என் சித்தப்பா.

நாங்கள் உழுத நிலம் மிட்டாதாருடையது. சுற்றிலும் இருந்த ஊர்களும் அவருடையவைதான். அவருடைய பங்களா மதிலுக்குள் இரண்டு கிணறுகளில் தண்ணீர் இருந்தது. எங்கள் ஊர் ஆண்கள் காலையில் போய்க் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்து அங்கே இருந்த ரோசாச் செடிகளுக்குப் பாய்ச்சிவிட்டு, வறண்ட நாக்கோடு வீடு திரும்புவார்கள். மதிலுக்கு வெளியே ஒரு சொம்பு கொண்டுவர முடியாது. காவல்காரன் வாசலில் சோதித்துத்தான் அனுப்புவான்.

அந்த வருடம் அவர் தம் மகனுக்குக் கல்யாணம் வைத்தார். பட்டணத்திலிருந்து பாண்டு வாத்தியம், எங்கிருந்தோ ஒரு யானை. மறுநாள் ஊர்வலத்துக்கு அதைக் குளிப்பாட்டி முகத்தில் கோலம் எழுத வேண்டும். பங்களாத் தண்ணீர் விருந்தாளிகளுக்கு வேண்டுமாம். ஆகவே மிட்டாதாரின் காரியஸ்தர் யானையைக் குட்டைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்.

சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றார்.

“ஐயா, இது சனங்க குடிக்கிற தண்ணிங்க. மாட்டக்கூட நாங்க எறக்கறதில்லீங்க.”

“மாடும் ஆனையும் ஒண்ணாடா? குட்டை யாரு நெலத்துல இருக்குது? ஒரு நாழி குளிச்சா நீங்க செத்தா போயிருவீங்க?”

சித்தப்பா நகரவில்லை. காரியஸ்தர் அவர் கையில் இருந்த கம்பையே பிடுங்கி அவர் முதுகில் இரண்டு போடு போட்டார். யானைக்காரன் தயங்கித் தயங்கித் தண்ணீரைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவனும் கூலிக்கு வந்தவன்.

எனக்கோ சித்தப்பா வழியை மறிக்கிறாரே என்றுதான் எரிச்சல். யானை இறங்கியது. குடித்தது, புரண்டது, சேற்றைக் கலக்கியது, தண்ணீரிலேயே லத்தி போட்டது. தும்பிக்கையால் எங்கள் மேல் பீய்ச்சியும் அடித்தது. குளித்துப் பல நாளான குழந்தைகள் நாங்கள். துள்ளினோம், கத்தினோம். குடத்தோடு வந்த அம்மா என் சடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

“சிரிக்கிறியாடி? சிரிக்கிறியா?”

அறைந்த கன்னம் வீங்கிவிட்டது. என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. வழக்கமாக அதற்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டு ஆரத்தி எடுக்க வேண்டும். அன்று ஒரு வாசலிலும் கோலம் இல்லை. தெருவின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், எல்லா வீட்டுக் குடங்களும் வரிசையாக இருந்தன. உள்ளே குட்டைத் தண்ணீர். பச்சையும் கறுப்புமாக, நாற்றத்தோடு. பின்னால் பெண்கள் நின்றார்கள்.

யானை நின்றது. பாண்டு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யானைமேல் இருந்த மாப்பிள்ளை என்ன என்று எட்டிப் பார்த்தார். அம்மா ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு யானையைச் சுற்றிப் போய், பின்னால் வந்த சாரட்டு வண்டியின் அருகில் நின்றாள். உள்ளே மிட்டாதார்.

“வெயிலுல வந்திருக்கறீங்க எசமான். எங்க ஊருத் தண்ணிங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க.”

மிட்டாதார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

“எங்க புள்ளைங்க குடிக்கிறதுங்க. நீங்க ஒரு வாய் குடிக்கக் கூடாதுங்களா?”

அவள் பின்னால் இருந்த பெண்களும் குரல் எடுத்தார்கள். “குடிங்க! குடிச்சுப் பாருங்க!” அதுவரை அந்தத் தெருவில் மிட்டாதார் முன்னால் எந்தப் பெண்ணும் தலை நிமிர்ந்ததுகூடக் கிடையாது. காரியஸ்தர் ஓடிவந்து சொம்பைத் தட்டிவிட்டார். ஆட்கள் குடங்களை எட்டி உதைத்தார்கள். மண்குடங்கள் உடைந்தன. ஓட்டுச் சில்லுகளின்மேல் ஊர்வலம் நடந்து போனது. மிட்டாதார் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களோடு பேசுவது அவருக்கு அவசியமாகப் படவில்லை.

அந்த மாதம் ஊரில் வயிற்றுப்போக்கு கண்டது. கொதிக்கவைத்தும் வடிகட்டியும் குடித்தார்கள். ஆனாலும் பல வீடுகளில் அழுகுரல் கேட்டது. எங்கள் வீட்டில் என் தம்பி போனான். அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான். என் விரலைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைப்பான். ஓடைக்கரையில் அவனைப் புதைத்தார்கள். இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. கல்யாணத்தை மட்டும் வெகுகாலம் பேசினார்கள், யானைமேல் மாப்பிள்ளை வந்த கல்யாணம் என்று.

அடுத்த மாதம் நாங்கள் உழுத நிலம் வேறு ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. அப்பாவை வரச்சொல்லி, “ஒம் பொண்டாட்டி வாய்க்குத்தாண்டா இது” என்றாராம் காரியஸ்தர். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவை ஏதாவது சொல்வார் என்று சித்தப்பா பயந்தார். அப்பா ஏரைக் கழற்றி மரத்தில் சாத்திவைத்துவிட்டு, “சரியாத்தான் கேட்ட” என்று மட்டும் சொன்னார்.

சேலத்துப் பக்கம் கல் உடைக்கும் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். அப்பா தலையில் பானை மூட்டை, அம்மா தலையில் துணி மூட்டை. ஓடைக்கரையைத் தாண்டும்போது எனக்குப் பெரிய கவலை ஒன்று வந்தது. மிட்டாதாருக்கு இன்னொரு மகனும் இருந்தான்.

“அம்மா, அவுங்க சின்னப் பையன் கல்யாணத்துக்கும் ஆனை வருமில்ல? நாம பார்க்க வருவமா?”

அம்மா நின்றாள். இந்த முறை அடிக்கவில்லை. ஓடைக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, வேகமாக நடக்கத் தொடங்கினாள்.

யானையை இனிமேல் பார்க்க முடியாது என்ற வருத்தம் அம்மாவுக்கும் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.