ஏழாம் எண் புளியமரம்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திருவண்ணாமலையில் இறங்கும்போது பத்தாகிவிட்டது. செங்கம் சாலையில் எண்ணூறு ரூபாய் அறை ஒன்றில் பையைப் போட்டுவிட்டு, ஒப்பந்தக்காரரின் பொறியாளர் தினேஷ் கொண்டுவந்த ஜீப்பில் கிளம்பினேன். சாலை போடும் இடங்களில் எந்த மரத்தை வெட்டியாக வேண்டும், எதைக் காப்பாற்றலாம் என்று பரிசோதித்துச் சொல்வது என் வேலை.

பதினொன்றரை மணி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பிரியும் நாலு கிலோமீட்டர் கிராமச் சாலை. அதை அகலப்படுத்த ஒன்பது புளியமரங்களில் சிவப்பு பெயின்ட்டால் எண் போட்டிருந்தார்கள்.

"ஒம்போதும் வெட்றதாதான் மேடம் இருந்துச்சு. ஊர்ல மனு குடுத்துட்டாங்க, அதான் உங்கள கூப்ட்டோம்" என்றார் தினேஷ்.

மனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் கலைச்செல்வி. ஏழாம் எண் மரத்தடியில் இட்லி வண்டி வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். நான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நாலு இட்லி முப்பது ரூபாய். காசு வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

முதல் ஆறு மரங்களைப் பார்த்து முடிக்க மூன்று மணியானது. இரண்டு மரங்கள் சாலையின் நடுவிலேயே வரும், வேறு வழியில்லை. மற்ற நாலும் திடமானவை. வடிகாலை ஒன்றரை மீட்டர் தள்ளினால் போதும். தினேஷ் வரைபடத்தை ஜீப் மேல் விரித்துப் பார்த்துவிட்டு, "தள்ளலாம் மேடம்" என்றார்.

ஏழாவது மரத்தை மரச்சுத்தியால் தட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் பக்கத்தில் சத்தம் பானையைத் தட்டியதுபோல வந்தது. அடியில் காளான் பிடித்திருந்த ஒரு வெடிப்பில் கம்பியை விட்டேன். ஒரு முழம் தடையில்லாமல் உள்ளே போனது. எப்போதோ குழாய் பதிக்கத் தோண்டியதில் அந்தப் பக்கத்து வேர்களும் அறுபட்டிருந்தன. மறுபடியும் ஒரு சுற்று தட்டினேன். சந்தேகமே இல்லை.

கலைச்செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூடாகிவிட்டது, இதை வெட்டத்தான் வேண்டும் என்று சொன்னேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க? எலை பச்சையாத்தானே கீது. போன வருஷம் காய் எவ்ளோ ஜாஸ்தி தெரியுமா?"

"தண்ணி பட்டைய ஒட்டி மேல போயிடும்க்கா, அதனால காய்க்கும். பாரத்தத் தாங்கறது உள்ள இருக்கற கட்டை. அது இல்ல."

"மனு போட்டது நானு. எம் மரத்தையே வெட்டச் சொல்றீங்க."

சுத்தியை அவர் கையில் கொடுத்தேன். எட்டாவது மரத்துக்குப் போய்த் தட்டினார். திரும்பி வந்து ஏழாவதைத் தட்டினார். இரண்டாவது தடவை மெதுவாகத் தட்டினார். சுத்தியை ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனார். எட்டும் ஒன்பதும் நன்றாக இருந்தன. குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் போனபோது வண்டி ஏழாவது மரத்தடியில் இல்லை. எதிர்ப்பக்கம் வெட்டவெளியில் கலைச்செல்வி, முதுகில் வெயில் அடிக்க நின்று இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றி ஒரு பழைய புடவை கட்டி, யாரும் உள்ளே போகாதபடி மறித்திருந்தது. வழக்கம்போல நிழலுக்கு ஓடிய இரண்டு பிள்ளைகளை, "ஏய், அங்க நிக்காத! இந்தாண்ட வா!" என்று கரண்டியை நீட்டி விரட்டினார்.

என் அறிக்கை இன்னும் எழுதப்படவேயில்லை.

தட்டை நீட்டும்போது கேட்டார். "மனு போடாம இருந்தா?"

"ஒம்பதும் போயிருக்கும்க்கா. இப்ப ஆறு நிக்கும்."

"ஆறா?" என்றார். சட்னியை ஊற்றிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

பத்து மணிக்குச் சென்னை பஸ் கிடைத்தது. செஞ்சி தாண்டும்வரை எங்கள் தெருவை நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டார்கள். முந்தின வாரமே அதில் எண் போட்டிருந்தது. தெருவில் முப்பது வீடுகள். யாரும் மனு கொடுக்கவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே தினமும் பஸ்ஸுக்கு நடந்த நானும் கொடுக்கவில்லை.