பெண் பூச்சிக்குப் பெயர் கிடையாது

கேடிஸ் ஈ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அது ஈயும் இல்லை, அந்துப்பூச்சியும் இல்லை. அந்துப்பூச்சியின் சிறகில் செதில் இருக்கும். இதன் சிறகில் மயிர். உட்காரும்போது சிறகைக் கூரை போல மடித்துக்கொள்ளும். ஒரகடம் பக்கத்தில் எல்லோருக்கும் அது ஈசல்தான்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பேரினத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் முனைவர் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எல்லா இனமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் வயிற்றை வெட்டி, பொட்டாஷ் கரைசலில் கொதிக்கவைத்து, சதை கரைந்தபின் நுனியிலுள்ள கொக்கிகளைப் பார்க்க வேண்டும். புணரும்போது பெண்ணை இறுக்கிப் பிடிக்கும் கொக்கி. அதன் வளைவை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். பெண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. "ஆண் இல்லாம பேரு இல்லம்மா" என்பார் என் வழிகாட்டிப் பேராசிரியர். கணவனை விட்டு வந்து குன்றத்தூரில் வாடகைக்கு அறை தேடியபோது புரோக்கரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

வயிற்றுப்பாட்டுக்குத் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்த்தேன். வல்லம் வடகால் பக்கம், விற்பனைக்குப் போகும் கார்களை நிறுத்திவைக்கும் ஒரு யார்டிலிருந்து கூப்பிட்டார்கள். புதுக் கார்களின் கூரையில் பூச்சி ஒட்டி பெயின்ட் கெடுகிறதாம். போய்ப் பார்த்தால், கறுப்புக் கார்களில்தான் அப்பிக் கிடந்தன. அந்தி வெளிச்சத்தில் பளபளக்கும் கறுப்புக் கூரை அவற்றின் கண்ணுக்குத் தண்ணீர். முட்டையிட வந்து, காய்ந்த தகரத்தில் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து அங்கேயே செத்திருந்தன. அத்தனையும் பெண். என் பேரினம். ஆனால் சிறகில் நான் எங்கும் பார்த்திராத வெளிர் பட்டை. புது இனம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரே ஒரு ஆண் கிடைத்தால் போதும், பட்டம் முடிந்துவிடும்.

யார்டு சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். "இன்னா மேடம், ஈசலுக்குப் போயி இவ்ளோ படிப்பா? பேரச் சொல்லுங்க, ரிப்போர்ட்ல போடணும். எங்கேர்ந்து வருதுன்னும் சொல்லுங்க."

ஆண்கள் காரைத் தேடி வராது. பிறந்த நீரின் மேலேயே கூட்டமாகப் பறக்கும். யார்டுக்குப் பின்னால், மதிலுக்குள், ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. அங்கே போக கேட் பாஸ் வேண்டும். அதற்காகச் சொன்னேன்: கலங்கல் கல்லுக்கு அடியில்தான் இந்தப் பூச்சியின் புழுக்கள் வலை கட்டி, ஓடும் நீரில் வருவதை வடித்துத் தின்று வளர்கின்றன என்று.

"அட, நம்ம கலங்கலா? சின்ன வயசுல அங்கதான் குதிச்சிகினு கெடப்போம்" என்று சிரித்தார். பாஸை மறுநாள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் போனபோது கலங்கல் முழுக்க வெள்ளை. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கழிவறைக்கும் அதுதான், தண்ணீர்த் தொட்டிக்கும் அதுதான். இங்கே எந்தச் சிக்கலுக்கும் அதுதான் வைத்தியம். மீன்குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. "நல்ல வேள மேடம், நீங்க சொன்னீங்க" என்றார் சூப்பர்வைசர். ஓங்கி அறையலாம் போல இருந்தது. பாஸ் அவர் கையில் இருந்ததால் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

கல் கல்லாகப் புரட்டினேன். புழுவை வைத்தும் இனம் சொல்ல முடியாது. ஆனால் வெளிவரும் தறுவாயிலிருக்கும் கூட்டுப்புழுவின் தோலுக்குள் ஆணின் கொக்கி முழுதாக உருவாகியிருக்கும். கடைசியில் அப்படி ஒன்று கிடைத்தது. செத்து வெளுத்த ஆண், இன்றோ நாளையோ பறந்திருக்க வேண்டியவன்.

லேபில் வயிற்றை வெட்டிக் கொதிக்கவைத்தேன். நுண்ணோக்கியில் கொக்கி தெளிவாகத் தெரிந்தது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் முதலில் வரையப் பழகிய அதே கொக்கி. நாடு முழுக்க, ஓடும் வாய்க்காலிலெல்லாம் பறக்கிற இனம். பெண்களின் வெளிர் பட்டையை மறுபடி பார்த்தேன். சிறகு பெயின்டில் ஒட்டி மயிர் பிய்ந்த இடம் அது, அவ்வளவுதான். இந்தத் துறையில் யாரும் முதலில் சந்தேகப்பட வேண்டிய விஷயம். எனக்கு அது புது இனமாக இருந்தாக வேண்டியிருந்தது.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடும்மா, வேற ஏரியப் பாரு."

அந்த வாரமே சூப்பர்வைசர் போன் செய்தார். "சூப்பர் மேடம், ஒண்ணு கூட இல்ல! ரிப்போர்ட்ட முடிக்கணும், அந்தப் பூச்சி பேரு இன்னா?"

இப்போது என்னிடம் பெயர் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் நிதானமாக எழுதிக்கொண்டு, ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டினார்.